முதல் மந்திரி நாற்காலி வேண்டாம் என்றவர்



சென்னைக்குப் போய் வந்த நம்மவர்களிடம் "எங்கே தங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஐந்தாறு பேராவது "தி.நகர்" என்பார்கள். கல்யாணப் புடவையா, தங்க நகையா, பாத்திர பண்டமா, பலகாரமா, எல்லாம் அங்கேதான். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஒருமுறை சிக்கி வெளியே வந்தவர்கள் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தத் "தி" யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். "தியாகராய நகர்" என்று விரித்துச் சொல்பவர்களிலும் பாதிப் பேர், அது திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளின் பெயர் என்று நினைத்திருப்பார்கள். அது ஒரு வியாபாரியின் பெயர். நெசவுத் தறி, தோல் பதனிடும் தொழில், உப்பு, சுண்ணாம்பு என்று பல தொழில் நடத்தியவர். சென்னை மாநகராட்சியில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக வாருங்கள் என்று கவர்னர் அழைத்தபோது, வேண்டாம் என்று சொன்னவர். பெயர், சர் பிட்டி தியாகராயச் செட்டியார்.

ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கையை எதை வைத்து எடை போடுவது? அவர் உட்கார்ந்த நாற்காலியை வைத்தா? செய்து முடித்த வேலையை வைத்தா? அல்லது, கண்ணெதிரே நடந்தும் அவர் காணத் தவறியதை வைத்தா? இந்த மூன்று கேள்விகளுக்கும் தியாகராயர் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் அவரைப் பற்றிப் பேச நினைத்தேன்.

நெசவாளர் சமூகத்திலிருந்து

செட்டியார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார்கள்தான். தியாகராயர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் தேவாங்கச் செட்டியார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட, நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட சமூகம் அது. வசதியான குடும்பத்தில் 1852 ஏப்ரல் 27-ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவர்களில் பெரும்பாலோர் என்ன செய்தார்கள்? சட்டம் படித்து வக்கீலானார்கள், இல்லையென்றால் அரசாங்க உத்தியோகம் தேடினார்கள். தியாகராயரோ தொழிலுக்குத் திரும்பினார். சுமார் நூறு கைத்தறிகள் கொண்ட நெசவுக்கூடம் ஒன்றை நடத்தினார். கயிற்றை இழுத்தால் நாடா குறுக்கே ஓடும் புதுவகைத் தறி அப்போது தென்னிந்தியாவில் பரவத் தொடங்கியிருந்தது. கையால் நாடாவை வீசி நெய்வதைவிட வேலை வேகமாக நடக்கும். பழைய தறியோடு பழகியவர்கள் தயங்கிய காலத்தில், அந்தப் புதுமுறையைத் தம் கூடத்தில் புகுத்தியவர்களில் தியாகராயரும் ஒருவர். மான்செஸ்டர் ஆலைத்துணி வந்து குவிந்து நம் நெசவாளியின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆலைத்துணியோடு போட்டி போட வேண்டுமென்றால் நெசவாளியின் கையில் நல்ல கருவி வேண்டும் என்ற வியாபாரியின் கணக்கு அது.

1882-இல் சென்னை மாநகராட்சிக்குள் உறுப்பினராக நுழைந்தார். தெரு விளக்கு, குடிநீர், சாக்கடை, சந்தை, பள்ளிக்கூடம் என்று மாநகராட்சி வேலை என்பது எப்போதும் சில்லறை வேலைதான். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வராது. அந்தச் சில்லறை வேலையில் அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதைக்கு அது முக்கியம்.

வியாபாரிகளுக்கு ஒரு சங்கம்

1906 அக்டோபரில் சென்னையைக் குலுக்கிய சம்பவம் ஒன்று நடந்தது. ஆர்பத்நாட் என்ற பெரிய ஆங்கிலேய நிறுவனம் திவாலானது. வங்கித் தொழிலும் வணிகமும் சேர்த்து நடத்திய நிறுவனம் அது. வெள்ளைக்காரன் கம்பெனி, அசையாது என்று நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதன் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார்.

அந்த அடி சென்னை மக்களுக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. நம் பணத்தை நாமே காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அடுத்து 1909-இல் தென்னிந்திய வர்த்தகச் சங்கம் தோன்றியது. சென்னையில் அதற்கு முன்பே ஒரு வர்த்தகச் சங்கம் இருந்தது, 1836-இல் தொடங்கியது. ஆனால் அது ஆங்கிலேய வணிகர்களின் கோட்டை. இந்திய வணிகர்களின் குரலைச் சொல்ல ஒரு மேடை இல்லாத குறையைத் தென்னிந்திய வர்த்தகச் சங்கம் தீர்த்தது. அதை உருவாக்குவதில் முன்னின்றவரும், தொடக்க காலத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் தலைமை தாங்கியவரும் தியாகராயர்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சங்கத்தில் எல்லாச் சாதியாரும் இருந்தார்கள். எல்லா மொழியினரும் இருந்தார்கள். காங்கிரஸ் இயக்கத்திலும் தியாகராயருக்கு ஆரம்ப காலத்தில் ஈடுபாடு இருந்தது. ஆசாரமான இந்து அவர், கோயில் பக்தி மிகுந்தவர். அப்படிப்பட்ட ஒருவர், தமது அறுபத்து நான்காம் வயதில், பிராமணரல்லாதாருக்கென்று தனிக்கட்சி தொடங்கினார் என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்குமா?

எண்கள் சொன்ன கதை

காரணத்தை எண்கள் சொல்லும். சென்னை மாகாணத்தில் பிராமணர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள். 1912-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, துணை ஆட்சியர்கள் 140 பேரில் 77 பேர் பிராமணர்கள். மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பிராமணர்கள். சார்பு நீதிபதிகள் 18 பேரில் 15 பேர் பிராமணர்கள்.

முதலில் ஆங்கிலம் படித்தவர்கள் முதலில் உத்தியோகத்தில் அமர்ந்தார்கள். அமர்ந்தவர்கள் தங்களைச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எந்த நாட்டிலும் நடக்கிற காரியம்தான் இது. ஆனால் ஒரு விவசாயியின் நில வழக்கைக் கேட்பவரும், அதன்மேல் வாதாடுபவரும், தீர்ப்பை எழுதுபவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தால், வெளியே நிற்பவனுக்கு நியாயம் கிடைத்தாலும் நம்பிக்கை கிடைக்காது.

1916-இல் டில்லிச் சட்டசபைக்கு நடந்த தேர்தலில் டாக்டர் டி.எம்.நாயர் தோற்றுப்போனார். நாயர் புகழ்பெற்ற மருத்துவர், சிறந்த பேச்சாளர். அவருக்கும் தியாகராயருக்கும் நெடுநாள் பகை. இருவரும் மாநகராட்சியில் மோதிக்கொண்டவர்கள். திருவல்லிக்கேணிக் கோயில் குளம் சம்பந்தமான ஒரு விவகாரத்தில் மூண்ட சண்டை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அளவுக்குப் போயிருந்தது. இந்த இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்த பெருமை டாக்டர் நடேச முதலியாருக்கு உண்டு. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடம் கிடைக்காமல் தவித்தபோது விடுதி நடத்தியவர் அவர்.

1916 நவம்பர் 20-ஆம் நாள் சென்னை வேப்பேரியில், வழக்கறிஞர் எத்திராஜுலு முதலியார் வீட்டில், சுமார் முப்பது பேர் கூடினார்கள். தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் பிறந்தது. அடுத்த மாதமே பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. கையெழுத்திட்டவர் தியாகராயர்.

மக்கள் தொடர்பு படித்துவிட்டுத் தொலைக்காட்சியில் வேலை பார்க்கிற எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. மேடையும் கொடியும் ஏற்பாடு செய்வதற்கு முன்பே இவர்கள் பத்திரிகை நடத்துவதற்குத் திட்டமிட்டார்கள். பங்குகள் விற்று ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தார்கள். அதன் செயலாளர் தியாகராயர். ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திரப் பிரகாசிகா' என்று மூன்று பத்திரிகைகள். 'ஜஸ்டிஸ்' 1917 பிப்ரவரியில் வெளிவந்தது. கட்சியின் நீண்ட பெயரை மக்கள் மறந்தார்கள், பத்திரிகையின் பெயர் நிலைத்தது. ஜஸ்டிஸ் கட்சி, தமிழில் நீதிக்கட்சி. ஒரு வியாபாரி கட்சி தொடங்கினால் எப்படித் தொடங்குவார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முதலில் முதலீடு, அப்புறம் விளம்பரம், அதற்குப் பிறகுதான் மேடை.

டாக்டர் நாயர் 1919 ஜூலையில் லண்டனில் காலமானார். அதன்பின் கட்சிப் பொறுப்பு முழுவதும் தியாகராயர் தோளில் விழுந்தது.

நாற்காலி காத்திருந்தது, அவர் போகவில்லை

1920 இறுதியில் தேர்தல் வந்தது. ஆங்கிலேய அரசு கொடுத்த புதிய ஏற்பாட்டின்படி, கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, தொழில் போன்ற துறைகள் மட்டும் இந்திய மந்திரிகளின் கையில். போலீசும் நிதியும் கவர்னர் பக்கம். இதற்குத்தான் இரட்டை ஆட்சி என்று பெயர். வாக்குரிமையும் சொத்து உள்ளவர்களுக்குத்தான். நாலு கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். அவர்களிலும் நான்கில் ஒரு பங்கினர்தான் வாக்களித்தார்கள். காந்தியடிகளின் ஒத்துழையாமை அறிவிப்பால் காங்கிரஸ் தேர்தலில் நிற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் நீதிக்கட்சி 63 இடங்களைப் பிடித்தது.

கவர்னர் வில்லிங்டன் பிரபு, வென்ற கட்சியின் தலைவரான தியாகராயரை ஆட்சி அமைக்க அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியார் 1920 டிசம்பர் 17-ஆம் நாள் முதல் மந்திரியானார். உடல்நலக் குறைவால் அவர் 1921 ஜூலையில் விலகியதும் பனகல் அரசர் அந்த இடத்துக்கு வந்தார். தியாகராயர் கட்சித் தலைவராகவே இருந்தார்.

இதைத் தியாகம் என்று புகழ்ந்து முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பதவி வேண்டாம் என்பதும் அதிகாரம் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. மந்திரிகள் யார் என்பதில் கட்சித் தலைவருக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. 1921-இல் சுப்பராயலு ரெட்டியார் விலகிய பிறகு, மூன்று மந்திரிகளும் தெலுங்குப் பகுதியினராகவே அமைந்தபோது தமிழ் உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். தமிழரான சிவஞானம் பிள்ளை மந்திரியானது 1923-இல்தான். அதே ஆண்டு சி.ஆர்.ரெட்டி தலைமையில் ஒரு பிரிவு வெளியேறி எதிர்வரிசையில் போய் அமர்ந்தது. நவம்பரில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 65-க்கு 44 என்ற கணக்கில் கட்சி தாண்டியது.

அந்த ஆட்சி செய்தவையும் சின்னக் காரியங்கள் அல்ல. 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானம் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இது முதலாவது. அதே ஆண்டு செப்டம்பரில், அரசு வேலைகளை எல்லாச் சமூகத்தாருக்கும் பகிர்ந்தளிக்க வழிகாட்டும் வகுப்புவாரி ஆணை பிறந்தது. 1922-இல் சிறு, பெருந்தொழில்களுக்கு அரசு கடனுதவி செய்யும் சட்டம் வந்தது. கட்சித் தலைவராகத் தியாகராயர் இவற்றின் பின்னால் நின்றார்.

ஓர் அணாவுக்கு ஒரு காலை உணவு

சரி, முதல் மந்திரி நாற்காலியை விட்ட தியாகராயர் எங்கே உட்கார்ந்தார்? தமக்குப் பழகிய மாநகராட்சியில்தான். அதுவரை மாநகராட்சித் தலைவர் பதவியில் அரசாங்கம் நியமித்த அதிகாரிகளே இருந்தார்கள். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர்களே தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. அப்படி 1920-இல் வந்த முதல் தலைவர் தியாகராயர். மேயர் என்ற பெயர் 1933-இல்தான் வந்தது.

அந்த 1920-ஆம் ஆண்டில் மாநகராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்க வேண்டும், செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று தலைவர் எடுத்துச் சொன்னார்.

ரூபாயில் பதினாறில் ஒரு பங்குதான் ஓர் அணா. வியாபாரிக்குத்தான் இப்படிக் கணக்குப் போடத் தெரியும். பசியைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு அவர் போய்விடவில்லை. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு, அதற்குமேல் எவ்வளவு கூடாது என்று எழுதி வைத்தார். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. 1922-23-இல் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் 811 பேர். 1924-25-இல் 1,671 பேர். இரண்டே ஆண்டுகளில் இரண்டு மடங்கு!

யோசித்துப் பாருங்கள். புதுக் கட்டடம் கட்டியதால் வந்த பிள்ளைகள் அல்லர் இவர்கள். கட்டாயச் சட்டம் போட்டு இழுத்து வந்தவர்களும் அல்லர். காலையில் வயிற்றுக்கு ஏதாவது கிடைக்கும் என்பதால் வந்தவர்கள். அதற்கு முன் அவர்கள் வராததற்குக் காரணம் படிப்பில் ஆசை இல்லாமை அல்ல, பசி.

வெள்ளுடை வேந்தர்

தியாகராயருக்கு 'வெள்ளுடை வேந்தர்' என்று ஒரு பெயர் உண்டு. எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைப்பாகை. 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது, மாநகராட்சித் தலைவர் என்ற முறையில் வரவேற்கும் பொறுப்பு அவருடையது. அரசாங்க மரியாதைக்கு ஏற்ற கோட்டு சூட்டு அணியாமல், தம் வழக்கமான வெள்ளுடையிலேயே வரவேற்க அவருக்கு அனுமதி கிடைத்தது என்பது சென்னை மக்கள் விரும்பிச் சொல்லும் செய்தி.

ஆனால் அதே நாளில் நகரத்தின் மறுபக்கம் வேறு விதமாக இருந்தது. காங்கிரஸ்காரர்களின் கடையடைப்பு, அதையொட்டிக் கலவரம். விடுதலை கேட்ட மக்களின் பார்வையில், இளவரசருக்கு மாலை போட்டவர் எந்த உடையில் போட்டால் என்ன? நீதிக்கட்சி ஆங்கிலேயரோடு ஒத்துழைத்தது என்ற பழி கடைசி வரை அந்தக் கட்சியை விடவில்லை. உள்ளூரில் சமத்துவம் கேட்டவர்கள், நாட்டின் விடுதலையைத் தள்ளி வைத்தார்கள். விடுதலை கேட்டவர்களில் பலர், உள்ளூர்ச் சமத்துவத்தைத் தள்ளி வைத்தார்கள். இரண்டு தரப்பிலும் பாதி நியாயம்தான் இருந்தது.

புளியந்தோப்பில் தெரிந்த குறை

இனி, சொல்லக் கொஞ்சம் சங்கடமான பகுதி. ஆனால் சொல்லாமல் விட்டால் இது வரலாறு ஆகாது, வாழ்த்துரை ஆகிவிடும்.

சென்னையில் பக்கிங்காம், கர்னாடிக் என்று இரண்டு பெரிய துணி ஆலைகள் இருந்தன. பின்னி கம்பெனியின் நிர்வாகம். 1918-இல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தது இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். 1921 ஜூனில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. சில வாரங்களில், ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். பட்டினி தாங்கும் சக்தி அவர்களுக்கு இல்லை, சங்கத்துக்குள்ளும் அவர்களுக்குச் சம இடம் இல்லை. வேலைநிறுத்தம் சாதிச் சண்டையாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அப்போது தியாகராயரும் அவருடைய கட்சிப் பத்திரிகையும் எடுத்த நிலை என்ன? ஆதிதிராவிடர்களுக்கு உதவ அரசு அமைத்திருந்த தொழிலாளர் துறை அதிகாரிகள் அவர்களுக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டுகிறார்கள், கலவரத்துக்கு அதுதான் காரணம் என்று அவர்கள் வாதிட்டார்கள். எரிந்தது யார் குடிசை என்பதைவிட, அதிகாரி யார் பக்கம் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

இது ஆதிதிராவிடத் தலைவர்களின் மனத்தைப் புண்படுத்தியது. சட்டசபையில் ஆதிதிராவிடர்களின் குரலாக இருந்த எம்.சி.ராஜா, நீதிக்கட்சியின் தொடக்க காலத்திலிருந்து அதனோடு இருந்தவர். 1923-இல் அவர் கட்சியை விட்டு விலகினார். பிராமணரல்லாதார் என்ற ஒரே குடையின்கீழ் வந்தவர்களில், குடைக்குள்ளும் மழையில் நனைந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த விலகலே சாட்சி.

ஒரே மனிதர், ஒரு பக்கம் ஏழைப் பிள்ளைக்கு ஓர் அணாவில் காலை உணவு போட்டார். இன்னொரு பக்கம், அந்தப் பிள்ளையைப் போன்றவர்களின் தகப்பன்மார் குடிசை இழந்து நின்றபோது அவர்கள் பக்கம் நிற்கத் தவறினார். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

இது ஏதோ கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் கங்காணிகளின் பின்னால் கப்பலேறிய காலம் அதுதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கியவர்கள், இந்த மாகாணத்தின் மக்கள். அவர்களில் கணிசமானோர் ஆதிதிராவிடர்கள். 1920-இல் வாக்களித்த சில லட்சம் பேரில் அவர்கள் இல்லை. நிலமும் சொத்தும் இல்லாதவனுக்கு வாக்கு இல்லை. சட்டசபையில் யார் எந்தப் பதவியில் அமர்வது என்ற போட்டி சூடாக நடந்தபோது, அவர்கள் ரப்பர்க் காட்டில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள்.

1925 ஏப்ரல்

காலை உணவுத் திட்டம் என்ன ஆனது? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசாங்கம் தடை சொன்னது. கல்வி நிதி கல்விக்கு, சோற்றுக்கு அல்ல என்பது சட்டத்தின் வாதம். 1925 ஏப்ரல் முதல் நாளோடு உணவு நின்றது. பள்ளிக்கு வருவோர் எண்ணிக்கையும் இறங்கியது.

மாகாணத்தில் அப்போது மந்திரி சபை தியாகராயரின் கட்சியுடையது. கல்வித் துறை அந்தக் கட்சி மந்திரியிடம்தான் இருந்தது. நிதித் துறை மட்டும் கவர்னர் பக்கம். இரட்டை ஆட்சி என்ற அந்த ஏற்பாட்டில் நாற்காலிக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு இந்த ஓர் அணா விவகாரமே போதும்.

அதே மாதம் 28-ஆம் நாள், எழுபத்து மூன்று வயது முடிந்த மறுநாள், தியாகராயர் காலமானார். அவர் உயிரோடு இருந்த கடைசி மாதத்தில்தான் அவர் தொடங்கிய உணவு நிறுத்தப்பட்டது.

மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாகிக்கொண்டிருந்த புது நகருக்கு அவர் பெயர் வைத்தார்கள். நடுவில் இருக்கும் பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, தணிகாசலம் சாலை என்று நாம் பை தூக்கிக்கொண்டு நடக்கும் இடங்களெல்லாம் நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள். உஸ்மான் ஒரு முஸ்லிம், நாயர் மலையாளி, பனகல் அரசர் தெலுங்கர், நடேசனார் தமிழர். அந்தக் கட்சியின் கூட்டணியை ஊர் வரைபடத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நின்றுபோன உணவு அதோடு சாகவில்லை. 1927-இல் மாநகராட்சி மீண்டும் தொடங்கியது. 1956-இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2001-இல் இந்திய உச்ச நீதிமன்றம், அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஆயிரம் விளக்கில் ஓர் அணாவில் ஆரம்பித்தது, ஒரு நூற்றாண்டு கழித்து அதே காலை உணவாகத் திரும்பி வந்திருக்கிறது. நம் நாட்டிலும் கூடுதல் உணவுத் திட்டத்தில் வசதி குறைந்த மாணவர்கள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் உட்பட. அந்தத் தட்டின் அருமை ஆசிரியர்களுக்குத் தெரியும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

தியாகராயர் மறுத்த முதல் மந்திரி நாற்காலியில் அமர்ந்த சுப்பராயலு ரெட்டியாரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அது அவருடைய குற்றமல்ல. நாற்காலியின் நினைவு அவ்வளவுதான். தியாகராயருக்கு ஒரு நகரின் பெயரும், ரிப்பன் மாளிகை முன் சிலையும், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரியும் இருக்கின்றன. ஆனால் அவர் செய்ததிலேயே அதிகம் பேரைச் சென்றடைந்தது எது என்று கேட்டால், என் பதில் அந்த ஓர் அணாத் தீர்மானம்தான்.

நம் சமூகத்திலும் பதவிக் கணக்குப் பேச்சு ஓய்வதில்லை. எத்தனை இடம், எத்தனை நியமனம், யாருக்கு என்ன வாரியம் என்று காப்பிக் கடை முதல் மாநாடு வரை பேசுகிறோம். பேச வேண்டியதுதான், இடம் இல்லாவிட்டால் குரல் இல்லை என்பதை 1912-ஆம் ஆண்டுக் கணக்கே சொல்கிறது. ஆனால் இடம் கிடைத்த பிறகு இரண்டு கேள்விகள் கேட்கப் பழக வேண்டும். அந்த இடத்தால் எத்தனை பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்கு வந்தார்கள்? சமூகம் என்று நாம் சொல்லும்போது, நமக்குள் கடைசியில் நிற்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோமா?

முதல் கேள்விக்குத் தியாகராயரிடம் 1,671 என்று பதில் இருந்தது. இரண்டாவது கேள்வியில் அவர் தவறினார். அடுத்த முறை தி.நகரில் புடவைக் கடை வாசலில் காத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பாதியைச் சொல்லாதீர்கள், முழுவதையும் சொல்லுங்கள்.